அடித்தாளில் எல்லாம் நீலம்

மேடையில் நிற்கிறவன் பேசுவது கறுப்புப் பென்சில். மேடைக்கு வராமல் திரைக்குப் பின்னாலிருந்து பேசுகிறவன் பேச்சு சிவப்புப் பென்சில். ஆம்பூரில் எங்கள் நாடக சபையில் இதுதான் சட்டம். 'உள்ளேயிருந்து', 'மறைவாக', 'தூரத்தில்' என்றெல்லாம் நான் ஒரு வார்த்தை எழுதமாட்டேன். எதற்கு எழுத வேண்டும்? நோட்டைப் பிரித்தால் சிவப்பு தெரியப்போகிறது. சிவப்பு என்றால் ஆள் தெரியக் கூடாது, குரல் மட்டும். சிவப்புக்கு அடியில் கோடும் போட்டிருந்தால் அந்தக் குரல் மேடையில் உள்ளவர்களுக்கே கேட்காது, பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் கேட்கும். மனசாட்சி பேசுவது, செத்தவர்கள் நினைவில் வந்து பேசுவது, இதற்கெல்லாம் அடிக்கோடு. குருடனுக்கும் விளங்குகிற ஏற்பாடு என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் இடி விழ.

பகலில் நான் தோல் ஷாப்பில் குமாஸ்தா. கப்பலுக்குப் போகிற தோல் கட்டுகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. பொழுது சாய்ந்தால் நாடகம். சபையில் சாயபுமார்கள் உண்டு, எங்கள் வேதக்கோயில் ஆட்கள் உண்டு, தோல் பதனிட ஆவாரம்பட்டை கொண்டுவரும் வண்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. பெண் வேஷம் ஆண்கள்தான் கட்ட வேண்டும். குடும்பப் பெண் மேடை ஏறினால் ஊர் சும்மா விடுமா? ஆனால் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முகம்தான் குற்றம், குரல் குற்றமில்லை என்பது எங்கள் ஊர் நியாயம். அந்த நியாயத்தின்படி என் மனைவி பக்கத் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் நாடகங்களில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்று வயதில் பிளேக்கில் தாயையும் தகப்பனையும் பறிகொடுத்து, அந்தப் பள்ளிக்கூடத்து போர்டிங்கிலேயே வளர்ந்து, அங்கேயே படித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்க நின்றவள். எங்கள் கல்யாணம் நடந்ததும் அந்த வளாகத்து மாமரத்தடியில்தான். மற்றப் பெண்கள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவார்கள் இல்லையா, இவள் என்னோடு சண்டை போட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் கட்டடம்தான். இதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே நான் சொல்லப்போவது விளங்கும்.

அந்த வருஷம் நான் எழுதிய நாடகம் ஒரு தாயையும் மகனையும் பற்றியது. தாய் பாதியிலேயே செத்துப்போகிறாள். மகன் குடித்துக் கெட்டு, ஒரு நாள் பெண்டாட்டியை அடிக்கக் கட்டையை ஓங்குகிறான். அப்போது தாயின் குரல் கேட்கிறது. அடிக்காதே என்று அது சொல்லாது, சாமி பூதம் என்று பயமுறுத்தாது. "ராசா, சாப்ட்டியாடா? கை கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்று சொல்லும், அவன் சின்ன வயதில் சாப்பிட்டதையெல்லாம் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். என் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து அதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பட்டை வண்டிக்காரர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். எங்கள் முதலாளி சாயபு என்னைக் கூப்பிட்டு, "இன்னா குமாஸ்தா, எங்கம்மா ஞாபகத்தைக் கொண்டாந்து பேஜார் பண்ணிட்டே" என்றார்.

அன்று அவரோடு மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேசும் படம் எடுக்கும் கம்பெனி ஒன்றில் அவர் பங்காளி. பேசும் படங்கள் வரத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கதை இல்லாமல் அலைந்துகொண்டிருந்தார்கள். "இந்தக் கதையை எங்களுக்குக் கொடுங்க. ஆனா அந்தக் குரல் வேணும். அதே அம்மா வந்து பேசணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது. இங்க பேசற மாதிரியேதான். குரல் மட்டும்."

"நிச்சயமா?"

"நான் எழுதறேன், எனக்குத் தெரியாதா?"

அவளுக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். தன் குரலைத் தானே கேட்கலாம் என்பது எவ்வளவு பெரிய அதிசயம் அந்தக் காலத்தில்! ஆனால் மறுநாளே பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாளிடம் போய் நின்றாள். அந்தம்மாள் கெட்டவரில்லை, கண்டிப்பானவர். "குரல் தேவன் கொடுத்த ஈவு, பேசு" என்றாராம். "ஆனால் உன் முகம் சினிமாவிலே வந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னே நீ நிற்கக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டாராம். இவள் சம்மதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னை நம்பிக் கொடுத்த வாக்கு.

இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம். எங்கள் சபையில் இன்னொரு சட்டமும் இருந்தது. மூல நோட்டு பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருமுறை நம்பி இரவல் கொடுத்த நோட்டைப் பக்கத்து ஊர் சபைக்காரர்கள் ராவோடு ராவாகப் பெயர்த்தெழுதி, எங்களுக்கு முன்னால் அவர்களே நாடகம் போட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார்கள். சூடு கண்ட பூனை நாங்கள். அதனால் கம்பெனிக்கு அனுப்ப நான் ஷாப்பிலிருந்து கார்பன் தாள் எடுத்து வந்தேன். பழைய நோட்டு ஒத்திகையில் கிழிந்துபோயிருந்தது, மேல்தாளே இனி மூல நோட்டு என்று கணக்கு. மேலே நல்ல தாள், நடுவில் கார்பன், அடியில் ஒரு தாள். கறுப்புப் பென்சிலை எடுத்து, சிவப்புப் பென்சிலை எடுத்து, மாற்றி மாற்றி அழுத்தி எழுதினேன். மேல்தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அடித்தாளைத் தைத்து மெட்ராஸுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அடித்தாளில் சிவப்பு ஏது, கறுப்பு ஏது? கார்பனுக்குத் தெரிந்தது ஒரே நிறம். எல்லாம் நீலம். நான் பார்க்காமலா அனுப்பினேன்? ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். அடிக்கோடுகள்கூட அழகாக விழுந்திருந்தன. சிவப்பு இல்லாத அடிக்கோட்டைப் பார்க்கிறவன், முக்கியமான வசனம்போல, நிறுத்திப் பேசச் சொல்கிறான்போல என்றுதானே நினைப்பான்? இது எனக்குத் தோன்றவில்லை. பல வருஷப் பழக்கம், என் கண் நீலத்திலேயே சிவப்பைப் படித்துக்கொண்டுவிட்டது.

பள்ளிக்கூட லீவில் இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய பங்களாத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு குடிசை வீட்டை அச்சாக அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். அடுப்பு, உறி, சுவரில் மாட்டிய அகல் விளக்கு எல்லாம் இருந்தன. முதல் நாள் முழுக்க வேடிக்கை பார்த்தோம். படமெடுக்கும் மிஷின் எது, அதன் கண்ணை மூடியிருக்கும் மூடி எது, மூடி திறந்திருந்தால் என்ன அர்த்தம், எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் பிறகு எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மாவுப் பெட்டியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஒப்பனைக்காரர் என் மனைவியிடம் வந்தார். "உக்காரும்மா, மூஞ்சியைத் துடைச்சுக்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் டைரக்டரிடம் ஓடினேன். "சார், இவங்க குரல் மட்டும்தான்."

டைரக்டர் நீலத் தாளைப் பிரித்துக் காட்டினார். "எங்கய்யா போட்டிருக்கு குரல் மட்டும்னு? 'தாய்'னு போட்டிருக்கீர். அதுக்கு நேரா வசனம் போட்டிருக்கீர். மகனுக்கும் அப்படித்தான், மருமகளுக்கும் அப்படித்தான். செத்துப்போன அம்மா திரும்பி வந்து மகன் எதிர்ல நிக்கிறா. பிரமாதமான ஐடியான்னு நானே பங்காளிகிட்ட சொன்னேன். நீர் எழுதினதைத்தான் நான் எடுக்கிறேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். கத்தினேன். சிவப்பு என்றேன், மூல நோட்டு என்றேன், நாலெழுத்து படித்தவனுக்கு இது தெரியாதா என்றேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. "மூல நோட்டு எங்க?" என்று டைரக்டர் கேட்டார். "ஆம்பூரில், பெட்டியில்." அங்கிருந்த ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வார்!

என் மனைவி கிட்டே வந்து மெதுவாக, "வாங்க, ஊருக்குப் போலாம்" என்றாள். போயிருக்கலாம். அவள் சொன்ன அந்த நிமிஷமே மூட்டையைக் கட்டியிருக்கலாம்.

டைரக்டர் சட்டென்று இறங்கி வந்தார். "சரி, சரி. கோவிச்சுக்காதம்மா. குரல் மட்டுமே எடுத்துக்கலாம். மிஷினை மகன் பக்கம் திருப்பி வைக்கிறோம், நீ இப்படி விளக்குப் பக்கத்துல நின்னு பேசு. மைக்கு அங்கதான் தொங்குது, அங்க நின்னாத்தான் எட்டும்." நியாயமாகத்தான் பட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் போய் நின்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தாள்.

முதல் தடவை மிஷின் மகன் பக்கம்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். பாதியில் தகரக் கூரைமேல் ஒரு காக்கை உட்கார்ந்து கத்தியது. போச்சு. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். படமும் சத்தமும் அப்போதெல்லாம் ஒன்றாகத்தான் பிடிப்பார்கள். பிறகு சேர்க்கிற வித்தை எல்லாம் வரவில்லை. ஓடுகிற நேரத்தில் யார் எங்கிருந்து சத்தம் போட்டாலும் அது படத்துக்குள் போய்விடும், அவ்வளவும் வீண். "இனி எவனாவது மூச்சு விட்டீங்க, வெளியே பிடிச்சுத் தள்ளிடுவேன்" என்று எல்லோரையும் பார்த்துக் கத்தினார். என்னையும் பார்த்தார்.

மறுபடி மணி அடித்தார்கள். கொட்டகை அடங்கியது. மகனாக நடித்தவர்மேல் இருந்த விளக்குகளோடு அவள் பக்கம் இன்னும் இரண்டைக் கூட்டினார்கள். அவளுக்குக் கண் கூசியது. வெளிச்சத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் வெறும் இருட்டு, ஒன்றும் தெரியாது. நான் வேடிக்கை பார்க்கிறவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால், மிஷினுக்கு நாலு முழத்தில் நின்றேன். அவள் "ராசா" என்று தொடங்கினாள். அப்போது மிஷின்காரர் சத்தமில்லாமல் மிஷினைத் திருப்பினார். மூடி திறந்திருந்தது. அதன் கண் நேராக என் மனைவியின் முகத்தைப் பார்த்தது.

ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் அவள் பேசியிருப்பாள். அவ்வளவு நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஏய்' என்று ஒரு சத்தம் போதும். செருப்பைத் தரையில் தட்டினால் போதும். ஒரு காக்கை செய்ததை நான் செய்யவில்லை. ஏன் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். பயம்தான், அவ்வளவு பேருக்கு முன்னால் ஏற்கனவே ஒருமுறை முட்டாளாகி நின்ற பயம். இன்னொன்றும் உண்டு, சொல்ல வாய் கூசுகிறது. அவள் அன்று பேசியது போல ஆம்பூரில் ஒரு நாளும் பேசவில்லை. தாய்முகம் நினைவில் இல்லாதவள் ஒரு தாயாகி நின்றாள். நான் எழுதிய வார்த்தை முடியட்டும், முடிந்துவிடட்டும் என்று எனக்குள் ஒரு சண்டாளன் காத்துக்கொண்டிருந்தான். முடிந்தது. டைரக்டர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். மிஷின் அதற்குள் மகன் பக்கம் திரும்பியிருந்தது.

டைரக்டரைத் தனியே பிடித்தேன். "இது நியாயமா சார்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சும்மா ஒரு சௌகரியத்துக்கு எடுத்து வெச்சேன். வேணாம்னா வெட்டிடலாம், போய்ட்டு வாங்க" என்றார். வெட்டிவிடுவார் என்று நம்பினேன். வேறு என்ன செய்ய, நம்பித்தான் ஆகவேண்டும்.

ரயிலில் காட்பாடி தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். முகமெல்லாம் சந்தோஷம். "என் மூஞ்சி வரல இல்ல?" என்றாள்.

"வரல" என்றேன்.

அதன் பிறகு ஊருக்கு வந்து நான் எழுதிய கடிதங்களுக்கு அளவில்லை. மூல நோட்டான மேல்தாளையே, சிவப்பும் கறுப்புமாக, பதிவுத் தபாலில் அனுப்பினேன். சபைச் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. வெள்ளம் போன பிறகு அணை போடுகிற வேலை. நாலு கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. படம் முடிந்து பெட்டிகளில் அடைத்து ஊர் ஊராக அனுப்பியாகிவிட்டதாம், ஆட்சேபணை இருந்தால் படம் எடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டுமாம். முதலாளி சாயபுவிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் தம் மெட்ராஸ் தோஸ்துக்கு ஆள் விட்டுப் பார்த்தார். "கை மீறிப் போய்டிச்சுப்பா" என்றார். மனைவியிடம் மட்டும் நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போயிற்று. அவளோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமெல்லாம் தன் குரல் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலூருக்குப் படம் வந்தது. ஜட்காவில் தம்பட்டம் அடித்து நோட்டீஸ் போட்டார்கள். சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்குப் போகலாம் என்றாள். எனக்குத் தலைவலி என்றேன். கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும் என்றேன். "நீங்க வராட்டி நான் மட்டும் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். பின்னாலேயே போனேன். எங்கள் ஷாப்பு ஆட்கள் ஒரு வண்டி நிறைய வந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கட்டம் வந்தது. மகன் கட்டையை ஓங்கினான். "ராசா" என்று குரல் வந்தது. அடுத்த கணம் என் மனைவியின் முகம் வந்தது, வீட்டுச் சுவர் அளவுக்கு, விளக்கடியில், கண்ணில் நீரோடு. தரையிலிருந்து எங்கள் ஆட்கள் எழுந்து நின்று, "டீச்சரம்மாடா! நம்ம டீச்சரம்மா!" என்று விசில் அடித்துக் குதித்தார்கள். பாவிகள், அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை, முக்காடு போட்டுக்கொள்ளவும் இல்லை. படம் முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் துரைசாணி அம்மாளுக்கு விஷயம் எட்டவில்லை. எட்டுகிறவரை காத்திருக்கலாம், இல்லாததைச் சொல்லிச் சமாளிக்கலாம், புருஷனால் ஏமாந்தேன் என்று அழலாம். எந்த வழியையும் அவள் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்பே போய், "என் முகம் வந்திடுச்சு அம்மா, வாக்குத் தவறிட்டேன்" என்று தானாகவே சொல்லிவிட்டாள். அந்தம்மாள் அழுதாராம். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பிள்ளைகள் ஜெபப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே இவள் வெளியே வந்துவிட்டாள். பாடம் நடத்தும் கோல் அப்படியே மேஜைமேல், கொண்டுபோன பை அப்படியே நாற்காலியில்.

நான் அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் நின்றிருந்தேன். வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. டைரக்டரைத் திட்டினேன், கம்பெனிக்காரனைத் திட்டினேன், கார்பன் தாளைத் திட்டினேன். "இப்பவே போய்த் துரைசாணிகிட்ட எல்லாம் என் தப்புன்னு சொல்றேன். ஏமாத்திட்டாங்கன்னு சத்தம் போட்டுச் சொல்றேன்" என்று சட்டையை எடுத்தேன்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப இன்னாத்துக்குங்க சத்தம்?" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "சனிக்கிழமை நான் என் மூஞ்சியைப் பாக்கலங்க. கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டு இருந்தேன். நீங்க அங்கதான் நின்னுட்டு இருந்தீங்க. எங்கியாச்சும் உங்க சத்தம் வருமா, வேணாம்னு ஒரு வார்த்தையாவது வருமான்னு கடைசி வரைக்கும் கேட்டேன்."

சட்டையில் ஒரு கையை மாட்டியபடி நின்றேன்.

"என் குரல் மட்டும்தாங்க கேட்டுது" என்றாள்.